பேச்சி கட்டிய கும்மிப் பாட்டு

பங்குனி 17, 1981

இன்று கோயில் வாசலில் முளைப்பாரிக்குக் கும்மி பழகினோம். எங்கள் ஊரில் பாட்டுக் கட்டி முதல் குரல் கொடுப்பவள் எப்போதும் பேச்சிதான். தை மாதம் குரங்கணி ரோட்டில் ஜீப்பு கவிழ்ந்து அவள் புருஷன் செத்துப்போனான். இன்று அவள் வந்து நின்றதும் எல்லாரும் கை தட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

"நீ இந்த வருசம் நிக்கக்கூடாது ஆத்தா. முளைப்பாரிக்கு ஆகாது" என்றாள் என் மாமியார்.

பேச்சி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்ப நீ பாடு மதினி. மூணாவது அடிய இழுத்துப் பாடணும், மறந்துராத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் கட்டிய பாட்டைத்தான் பாடினேன். கோயிலுக்கு அடுத்த வீடுதான் அவளுடையது. கதவைச் சாத்தியிருந்தாலும் கேட்டிருக்கும். குரல் நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.