ஒரு பெண்மணி கேட்டார்

அக்கா, கண்ணால் கண்ட ஒன்றை, அது நடக்கவே இல்லை என்று ஒருத்தியால் எப்படி எழுத முடிகிறது? இருபது வருடங்களாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. படித்தவள் என்பதால் பதில் போலத் தோன்றும் பலவற்றை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். எதுவும் பதில் இல்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அலமாரியின் மேல்தட்டிலிருந்து மஞ்சள் உறையை இறக்கினேன். திறந்ததும் வறுத்த கறித்தூள் மணம். மொன்றியாலிலிருந்து வரும் உங்கள் பொதிகளில் எப்போதும் இரண்டே பொருள்கள்தான் இருக்கும். நீங்களே வறுத்துத் திரித்த தூள் ஒன்று, உங்கள் ஊர் நகரசபை வீடுவீடாகப் போடும் மாத இதழ் மற்றது. தூள் எப்போதோ முடிந்துவிட்டது. இதழ்கள் இன்னும் மணக்கின்றன. குப்பை எடுக்கும் நாள், நூலகம் திறக்கும் நேரம், பனி வழிக்கும் நாட்களில் வீதியோரம் கார் நிறுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை, அழகான முற்றத்துக்குப் பரிசு வாங்கிய தம்பதியின் படம். எல்லாவற்றின் ஓரத்திலும் உங்கள் நீல மை.

உறையை இறக்க வைத்தது ஒரு மின்னஞ்சல். உங்கள் ஊருக்கு ஏதோ ஆண்டுநிறைவாம். வரலாற்றுச் சங்கம் நூல் போடுகிறது. அதன் பதிப்பாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர், மிகவும் மரியாதையானவர். உங்கள் ஊரைப் பற்றி நான் இங்கே ஜேர்மனியில் எழுதிய முதுகலை ஆய்வை எப்படியோ தேடிப் பிடித்து, ஓர் அத்தியாயத்தைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்திருக்கிறார்கள். அச்சுப்படி வெள்ளிக்கிழமை வந்தது. நாளை மாலைக்குள் என் சம்மதத்தைச் சொல்ல வேண்டும். நடக்கவே இல்லை என்று நான் எழுதிய அந்த வாக்கியமும் அதில் இருக்கிறது. பிரெஞ்சில் இன்னும் அழகாக இருக்கிறது.

பெர்லின் ஷோனெஃபெல்டில் ஒரே விமானத்திலிருந்து இறங்கியவர்கள் நாம். எனக்கு ஒன்பது வயது, உங்களுக்குப் பதினாறு. பிறகு வெஸ்ட்பாலியாவில் ஒரு பழைய பாடசாலைக் கட்டடத்தில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து அறைகள். அப்பா பாடுபட்டு நிரப்பிய அன்ட்ராக், அந்த விண்ணப்பப் படிவம், திரும்பி வந்த அன்று அதை வாங்கிப் பார்த்தவர் நீங்கள்.

"மாமா, எல்லாம் எழுதியிருக்கிறியள். கையெழுத்து எங்கை?"

அப்பா மறந்துபோயிருந்தார். அந்த ஒரு கோட்டுக்காக மூன்று மாதம் போயிற்று. அதன் பிறகு நீங்கள் எதிலும் கையெழுத்து வைக்கத் தொடங்கினீர்கள். சமையலறையில் தொங்கிய முறைப் பட்டியலில், கடைக்குப் போகும் துண்டில், எல்லாவற்றிலும் முழுப்பெயர். முதலில் உங்கள் அப்பாவின் பெயர், பிறகு உங்கள் பெயர், தமிழில். "இவள் வெங்காயத்துக்கும் கையெழுத்து வைக்கிறாள்" என்று அம்மா சிரிப்பார். "வைக்காட்டி ஆற்றை கடதாசி எண்டு ஆருக்குத் தெரியும் மாமி?" என்பீர்கள் நீங்கள்.

பிறகு கலியாணமாகி மொன்றியாலுக்குப் பக்கத்து அந்த ஊருக்குப் போனீர்கள். நான் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு படித்தேன். ஆய்வுக்குத் தலைப்புத் தேடிய நாட்களில், "என்ரை ஊரை எழுதன். இதைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை" என்று தொலைபேசியில் சொன்னது நீங்கள்தான். ஆற்றங்கரையிலிருந்து நாடாவைப் போல நீண்டு கிடந்த வயல்கள், ஒரு கோயில், ஒரு குருவானவர். பிறகு வயல்களைக் கூறுபோட்டு ஒரே அளவில் கட்டிய வீடுகள். வீதிகளுக்கு எல்லாம் முதலில் வந்து குடியேறியவர்களின் பெயர்கள். ஆங்கிலம் பேசும் பெரிய கண்டத்தில் தங்கள் மொழியைப் பிடித்து வைத்திருந்த மனிதர்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை இருந்தது. இன்றும் இருக்கிறது, அதுதான் சங்கடம்.

உங்கள் வீட்டில் இரண்டு வாரம் தங்கினேன். மாதக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போனீர்கள். சுவரில் பழைய மேயர்களின் படங்கள், நடுவில் சிலுவை. செபத்தோடு தொடங்கினார்கள். கேள்வி நேரம் வந்ததும் கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு ஒலிவாங்கிக்குப் போனீர்கள். தொழிற்பேட்டைக்கு முன்னால், பெருவீதியில் இருந்த பஸ் தரிப்பிடம் வெறும் கம்பம். வேலை முடிந்து வரும் பெண்கள் பனியில் நிற்கிறார்கள். கூரையும் மூன்று பக்கம் கண்ணாடியும் வேண்டும். உங்கள் கேள்வி அவ்வளவுதான்.

ஆனால் கேள்விக்கு முன் பெயர் சொல்ல வேண்டும். சொன்னீர்கள். நகரச் செயலாளர் பேனாவோடு நிமிர்ந்தார்.

"இரண்டில் எது குடும்பப் பெயர்?"

"எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இது நான். அது என் அப்பா."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எழுத்துக்கூட்டச் சொன்னார். ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லத் தொடங்கினீர்கள். பத்தோ பன்னிரண்டோ எழுத்து ஆகியிருக்கும், மேயர் புன்னகையோடு கையை உயர்த்தினார். "தொடருங்கள், மதாம்." செயலாளர் பேனாவை வைத்துவிட்டார். நீங்கள் கேட்டீர்கள். மேயர் குறித்துக்கொள்வதாகச் சொன்னார். ஒன்றும் குறிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் நகரமண்டபத்தில் பழைய கூட்டக் குறிப்பேடுகளைப் புரட்டினேன். மாதம் தவறாமல் ஒரே வரி. ஒரு பெண்மணி பஸ் தரிப்பிடம் பற்றிக் கேட்டார். யூன் தாம். ஒரு பெண்மணி. பின்னேரம் உங்களிடம் சொன்னபோது காரை ஓட்டிக்கொண்டே சிரித்தீர்கள்.

"பாத்தியே, என்னைச் சீமாட்டி ஆக்கிப்போட்டாங்கள். ஊரிலை ஆரும் இப்பிடி மரியாதை தந்ததில்லை."

"கோவம் வரேல்லையோ அக்கா?"

"சிலுவை மாட்டியிருக்கினம், அதுக்கு முன்னாலை பொய் சொல்லமாட்டினம் எண்டுதான் முதல்லை நினைச்சனான். சொல்லினம். ஆனா அடுத்த மாதமும் போவன். எனக்கு உந்தக் கூரைதான் வேணும், பேர் என்னத்துக்கு?"

பேர் என்னத்துக்கு என்று நீங்கள் சொன்னதை நான் எவ்வளவு வசதியாக நம்பினேன்!

அந்தக் காலத்தில்தான் உங்கள் ஊரைப் பெருநகரத்தோடு இணைத்தார்கள். ஊர் கொதித்தது. பெரிய நகரத்துக்குள் இருந்தால் எங்கள் குரல் யாருக்கும் கேட்காது என்று வாசலுக்கு வாசல் பலகை வைத்தார்கள். பிரிந்துபோக வாக்கெடுப்பு வேண்டுமென்று கேட்கும் பதிவேட்டில் கையெழுத்து வைக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். நீங்களும் நின்றீர்கள். அந்த மாத இதழின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள்: "தங்கடை குரல் கேக்காது எண்டு அழுகினம். நான் கேட்டது ஆருக்குக் கேட்டது? எண்டாலும் கையெழுத்து வைச்சனான். என்ரை ஊரும்தானே." கீழே முழுப்பெயர்.

அதற்குச் சில மாதங்களுக்குப் பின் வந்த இதழில் ஒரு படம். புதிய தரிப்பிடம். கூரை, கண்ணாடி, உட்கார நீண்ட வாங்கு. அதன் முன்னால் அந்தப் பழைய மேயரே நாடா வெட்டுகிறார். செய்தியில் உங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. கீழ் ஓரத்தில் உங்கள் எழுத்து: "பதினொரு தரம் கேட்டனான். கத்தரிக்கோல் அவரிட்டை." மறுபடி முழுப்பெயர்.

இந்த இதழ்கள் எல்லாம் என் மேசையில் இருந்தன, அக்கா. இவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அறுபத்து மூன்றாம் பக்கத்தை எழுதினேன். நகரின் பொதுவாழ்வில் புதிதாகக் குடியேறியவர்களின் பங்கு அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். அடிக்குறிப்பில் கூட்டக் குறிப்பேடுகளின் எண்கள். பேராசிரியர் அந்தப் பக்கத்தை மிகவும் பாராட்டினார். குறிப்பேட்டில் பெயர் இல்லாதவள் ஆதாரம் இல்லை. தமிழில், ஓரத்தில், நீல மையில் எழுதியது ஆதாரம் இல்லை. நீங்கள் எனக்கு அக்கா, தூள் அனுப்புகிறவர். எதையும் ஐயப்படுவதுதான் என் படிப்பு என்று பெருமைப்பட்டவள், அந்தச் செயலாளரின் பேனாவை மட்டும் ஐயப்படவில்லை.

பெருமையோடு உங்களுக்கு ஒரு படி அனுப்பினேன். உங்களுக்கு ஜேர்மன் மறந்திருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். மறக்கவில்லை. ஒரு நாள் தொலைபேசியில் அழைத்தீர்கள்.

"வாசிச்சனான் பிள்ளை. நல்லாய் எழுதியிருக்கிறாய். அறுபத்தி மூண்டாம் பக்கம் மட்டும் விளங்கேல்லை."

"எது அக்கா?"

"உன்ரை மடியிலை என்ரை பையை வைச்சிட்டு நான் எங்கை போனனான் எண்டு."

நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அது பொதுவாய்ச் சொன்னது அக்கா. ஆதாரம் இல்லாமல் எழுத ஏலாது."

"ஓ, ஆதாரமோ," என்றீர்கள். பிறகு அம்மாவின் முழங்கால் நோ எப்படி என்று கேட்டீர்கள்.

அதன் பிறகும் பொதிகள் வந்தன. தூளும் வந்தது, இதழும் வந்தது. ஓரங்கள் மட்டும் வெறுமையாக இருந்தன. நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள், அவ்வளவுதான். நானும் ஏனென்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்று தெரிந்திருந்தது. கோடையில் ஒருமுறை வந்திருந்தீர்கள். மூன்று நாள் என் வீட்டில் இருந்தீர்கள். சமைத்தோம், சிரித்தோம், ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர் பார்த்தோம். "வேதக்காரியைத் தேர் பாக்கக் கூட்டிக்கொண்டு வாறாய்" என்று கிண்டல் செய்தீர்கள். என் புத்தக அலமாரியின் பக்கம் மட்டும் நீங்கள் திரும்பவே இல்லை. நான் அதைக் கவனித்தேன். கவனிக்க எனக்கு எப்போதும் தெரியும்.

போன மார்கழியில் அத்தான் தொலைபேசியில் சொன்னார். உங்கள் இறுதிப் பூசையை இணைய நேரலையில் பார்த்தேன். மரண அறிவித்தலில் உங்கள் பெயருக்குப் பின்னால் அத்தானின் பெயர் இருந்தது. உங்கள் அப்பாவின் பெயர் எங்கோ கீழே, உறவுகளின் வரிசையில். குறை சொல்ல வரவில்லை, அதுதான் நம் வழக்கம். ஆனால் அந்த வழக்கத்தையும் சேர்த்தால் உங்களை உங்கள் முழுப்பெயரால் எழுதியவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

இப்போது நான் ஒரு ஜேர்மன் ஊரின் ஆவணக்காப்பகத்தில் வேலை செய்கிறேன். பழைய குறிப்பேடுகளில் ஒருவர், சிலர், ஒரு பெண் என்று வரும் இடங்களில் என் விரல் தானாக நின்றுவிடுகிறது. யார் என்று கேட்கிறேன். பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த நிற்றல்தான். காலம் கடந்து வந்ததால் யாருக்கும் பயனில்லாத ஒரு பழக்கம்.

இன்று பின்னேரம் அந்த வாக்கியத்துக்குப் பதிலாக வேறொன்று எழுதினேன். உங்கள் பெயரோடு. பதினொரு கூட்டங்கள், ஒரு தரிப்பிடம். ஆதாரமாக, நாடா வெட்டும் பக்கத்தையும் படியெடுத்து வைத்திருக்கிறேன். நாளை காலை அனுப்புவேன்.

*

மறுநாள் நடந்தது இது.

வேலைக்குப் போவதற்கு முன் அனுப்பினேன். பின்னேரம் நான்கு மணிக்கு, அங்கே காலையில், பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். புதிய வாக்கியத்தைச் சேர்க்க இயலாது. குறிப்பேட்டில் இல்லாத பெயரை நூலில் போடுவதில்லை என்பது குழுவின் முடிவு. பழைய வாக்கியம் என் மனதைச் சங்கடப்படுத்துமானால் அதை நீக்கிவிடுகிறார்கள். ஆனால் இதழின் ஓரத்தில் உள்ள அந்தக் கையெழுத்து மிக அழகாக இருக்கிறது, நீக்கிய இடத்தை நிரப்ப அதைப் படமாகப் போட விரும்புகிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது?

திருத்திய பக்கம் இணைக்கப்பட்டிருந்தது. வாக்கியம் போயிருந்தது. அதன் இடத்தில் இதழின் கீழ் ஓரத்தை மட்டும் வெட்டிப் போட்டிருந்தார்கள். கீழே சிறிய எழுத்தில், நம் ஊர்ப் பெண்மணி ஒருவரின் குறிப்பு. யூன் தாம். தமிழ் எழுத்துகள் தலைகீழாக நின்றன.

இரண்டு விடயம் கேட்டு எழுதினேன். படத்தை நேராகத் திருப்ப வேண்டும், அதன் கீழே உங்கள் பெயரைப் போட வேண்டும். பெயரை ஒவ்வோர் எழுத்தாக, நீங்கள் அன்று சொன்னது போலவே, கூட்டி எழுதினேன். கடைசி எழுத்துவரை. என்ன எழுதியிருக்கிறது என்ற கேள்விக்கு, அந்தத் தரிப்பிடத்தைப் பற்றியது என்று பதில் சொன்னேன்.

அரை மணித்தியாலத்தில் பக்கம் மறுபடி வந்தது. படத்தைத் திருப்பியிருந்தார்கள். தவறுக்கு வருந்தினார். பெயரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. கீழே யூன் தாம் அப்படியே இருந்தது.

பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினொரு தரம் கேட்டனான். கத்தரிக்கோல் அவரிட்டை. வலது மூலையில், நேராக, முதலில் உங்கள் அப்பாவின் பெயர், பிறகு உங்கள் பெயர். ஓர் எழுத்தும் வெட்டுப்படவில்லை.

அந்த மூலையில் இருப்பது உங்கள் பெயர் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அச்சிடலாம் என்று ஒரு வரி எழுதி, கீழே என் முழுப்பெயரைப் போட்டு அனுப்பினேன்.