நீலத் துணி கட்டிய களை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ ஒன்றும் பேசாமல் வைத்த பிறகு எனக்குப் போனை எடுக்கவே கை வரவில்லை. அம்மாவுக்குக் கண் கட்டு பிரித்தாயிற்று, ஆபரேஷன் நன்றாக நடந்ததென்று டாக்டர் சொல்லிவிட்டார், சொட்டு மருந்தை மட்டும் விடாமல் போட வேண்டும், பாரம் தூக்கக் கூடாது, அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். பேப்பரில் பொடி எழுத்துகூடத் தெரிகிறதாம். சித்தி வீட்டிலிருந்து நான் அவளைக் கூப்பிட்டு வரப் போனபோதே என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, இத்தனை நாளும் தாடைக்குக் கீழ இப்படி அரைகுறையாத்தான் ஷேவ் பண்ணிட்டிருந்தீங்களா என்று கேட்டாள். சித்தி சிரித்த சிரிப்பில் எனக்கு மானமே போயிற்று.

போன லீவுக்கு வந்தபோது தையல் அறை ஜன்னலுக்கு வெளியே குருவிகளுக்கென்று ஒரு தீனி டப்பா மாட்டிவிட்டுப் போனாயே, எல்லா வினையும் அதிலிருந்துதான். உன் குருவிகளுக்குச் சாப்பிடத் தெரியாது பாப்பா, ஒரு விதையைக் கொத்தினால் ஒரு பிடியைக் கீழே தள்ளுகின்றன. தள்ளியதெல்லாம் ஒரு மழைக்கே முளைத்து ஜன்னலுக்குக் கீழே முழங்கால் உயரத்துக்குக் காடாகிவிட்டது. லேத்துப் பட்டறையில் இரும்புத் தூள் ஒரு சிட்டிகை தரையில் கிடந்தாலே சண்டைக்குப் போனவன் நான், என்னால் பொறுக்க முடியுமா. களைக்கொல்லி வாங்கி வந்தேன், கீழ விழுந்ததையும் அதுங்க பொறுக்கித் திங்குதுங்க, மருந்தடிச்சா செத்துடும் என்று அம்மா பாட்டிலைப் பிடுங்கி ஒளித்துவிட்டாள். அது நியாயம்தான். டப்பாவுக்கு அடியில் ஒரு தட்டை மாட்டினேன், அணில் வந்து ஊஞ்சலாடிக் கவிழ்த்தது. கடைசியில் ஒரு யோசனை வந்தது, விதையை வறுத்துப் போட்டால் குருவிக்கும் வயிறு நிறையும், மண்ணிலும் முளைக்காது. பையில் இருந்ததை முழுசாக வாணலியில் கொட்டி வறுத்துத் திரும்பப் பையிலேயே கட்டிவைத்தேன், பக்கத்து வீட்டுத் தபால்காரர் மூக்கை நீட்டிக்கொண்டு வந்து, உங்க வீட்ல இன்னிக்கி என்ன விசேஷம் என்று விசாரித்தார். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன் போ.

அதற்கு முன்பே முளைத்தவற்றைக் கையால்தான் பிடுங்க வேண்டியிருந்தது. அம்மா ஆபரேஷன் முடிந்து சித்தி வீட்டில் தங்கியிருந்த சமயத்தில் அதைச் செய்தேன். புதுக் கண்ணோடு வருகிறவள் ஜன்னலைத் திறந்தால் எல்லாம் பளிச்சென்று இருக்கட்டும் என்று, சத்தியமாக அவளுக்காகத்தான் செய்தேன். சுவரோரமாக ஒன்று மட்டும் என் தோள் உயரத்துக்கு வளர்ந்து, உச்சியில் பச்சையாக மொட்டு விட்டிருந்தது. களை பூப்பதற்கு முன் பிடுங்கிவிட வேண்டும், விதை விட்டால் தொலைந்தோம் என்பது என் கணக்கு, அதனால் அதைத்தான் முதலில் பிடுங்கினேன். ஒரு நீலத் துணிக் கிழிசலால் அதைக் குச்சியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. கட்டு இருந்தால் கட்டின கை ஒன்று இருக்கும் என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. காற்றில் வந்து சுற்றிக்கொண்ட கந்தல் என்று அவிழ்த்து, அதாலேயே மண்வெட்டிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்தேன். இடம் முழுக்க சிமென்ட் கல்லும் பதித்துவிட்டேன்.

அம்மா வந்தாள், செருப்பைக் கழற்றியதும் நேரே ஜன்னலுக்குத்தான் போனாள். நான் பாராட்டுக்காகப் பின்னால் போய் நின்றேன். சுத்தமா இருக்குங்க என்றாள், திரையை இழுத்துவிட்டுத் துணி மடிக்க உட்கார்ந்துவிட்டாள். அதிலிருந்து அந்த அறைப் பக்கமே போவதில்லை, டப்பாவில் தீனியும் போடுவதில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை, நீ போனில் பூ விரிஞ்சுதாப்பா, அம்மா பாத்துட்டாங்களா என்று கேட்கிற வரைக்கும். எந்தப் பூ என்று கேட்டேனே, அந்தக் கேள்வியை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. நீ வைத்த பிறகு அம்மாவிடம் கேட்டேன். ஊருக்குக் கிளம்பிய அன்று வாசலில் கார் ஹாரன் அடிக்க அடிக்க நீ அவசரமாக டப்பாவை நிரப்பினாயாம், உன் கையிலிருந்து சிந்திய விதையில் முளைத்த சூரியகாந்தியாம் அது. கண் மங்கிக் கிடந்தபோதும் தடவித் தடவி, ஜன்னலின் எந்தக் கம்பி வரை வளர்ந்திருக்கிறது என்று உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அந்தத் துணி உன் பள்ளிக்கூடப் பாவாடையில் கிழித்ததாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். சொன்னா கேலி பண்ணுவீங்க என்றாள். உன் மக வளக்குற காடு என்று தினமும் நான் சொல்லிக்கொண்டுதானே இருந்தேன். அவள் நாலு திட்டு திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும் பாப்பா, திட்டவில்லை.

மறுநாளே கல்லைப் பெயர்த்தேன். பையில் மிச்சமிருந்த விதையைப் பொறுக்கிச் சுவரோரமாக ஊன்றி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றும் வரவில்லை. நான் குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது திரை விலகியது. வறுத்த விதை எங்கங்க முளைக்கும் என்றாள். வறுத்தவனே நான்தான், அதையே மறந்து தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். சிரித்துவிடுவாள் என்று நிமிர்ந்து பார்த்தேன், சிரிக்கவில்லை. இப்பவே கடைக்குப் போய் வேற வாங்கிட்டு வரேன் என்றேன், வேண்டாங்க, அது அவ கையால விழுந்தது என்றாள். அந்தத் துணியை சோப்புப் போட்டு எத்தனையோ தேய்த்தேன், எண்ணெய்க் கறை போகவில்லை. அப்படியே கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். செடி கடைசியாக எட்டிய கம்பியில் அதைக் கட்டிவைத்திருக்கிறாள். அந்த இடத்தில் இப்போது வெறும் புல் முளைக்கிறது, எனக்குப் பிடுங்கத் துணிவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், வெளிச்சமில்லாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதே, அம்மா கண் உனக்கும் வரும். நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக முடியும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. இந்த வருஷம் லீவு வேண்டாம், செலவுதான் என்று போன மாதம் நான் சொன்னதை மறந்துவிடு, கேட்டு வாங்கு. குருவிகள் வந்து காலி டப்பாவைக் கொத்திவிட்டுப் போகின்றன. நிரப்பட்டுமா என்று நேற்றும் கேட்டேன், அவ வரட்டும் என்கிறாள் அம்மா.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா