நிக்கிறது நீங்கதானே

மார்ச் 20

வெயிலுக்குப் பயந்து ஒருவரும் பார்லர் பக்கம் வரவில்லை. பாமா மேடம் மட்டும் தலைக்கு டை அடிக்க வந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் பெரிய வேலை. நான் விவேக் நகரில் கடை போட்ட நாளிலிருந்து வருகிறவர். நாற்காலியில் உட்கார்ந்ததுமே தேர்தல் பேச்சு. அவருக்கு டெல்லியில் ஒரே ஒரு தலைவர்தான்.

"அவர விட்டா வேற யாரு இருக்கா, குளோரியா?"

இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு எரிகிறது. இத்தனை பெரிய தேசத்தில் வேறு ஆளே இல்லையென்றால் அது அவருக்குப் பெருமையா, நமக்கு அவமானமா? அப்படியே கேட்டுவிட்டேன். கண்ணாடிக்குள்ளிருந்து முறைத்தார். போகும்போது, அடுத்த மாதமும் வருவேன், ஆனால் உன் கட்சி என்ன என்று சொல்லிவிடு என்றார்.

எனக்குக் கட்சி இல்லை. கேள்வி கேட்டாலே ஒரு கட்சியில் சேர்த்துவிடுவார்களா?

மார்ச் 24

மாடி வீட்டிலிருந்து தம்பி விக்கி இறங்கி வந்தான். ஐ.டி. கம்பெனி வேலை போக மீதி நேரமெல்லாம் எதிர்க்கட்சிக்கு வீடியோ செய்து கொடுக்கிறான். நம்மாளுங்க எல்லாரும் ஒரே பக்கம் போட்டாகணும் என்றான். நம்மாளு என்றால் யார்? மாதா கோயிலுக்கு வருகிறவர்களாம். பாமா மேடத்தைக் கிண்டல் செய்கிறவன், தன் போனில் முகப்புப் படமாக வைத்திருப்பதும் ஒரு தலைவரின் முகம்தான். ஆள்தான் வேறு.

மார்ச் 28

பெரிய வியாழன். ஆண்டவர் சீடர்களுக்குச் செய்த மாதிரி, கோயிலில் சாமியார் முட்டி போட்டுப் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவித் துடைத்தார். வருடா வருடம் பார்க்கிறேன். இந்த வருடம்தான் உறைத்தது. தலைவர் என்றால் குனிகிறவர். இங்கே நாம்தான் குனிகிறோம். ஆளுயரக் கட்-அவுட் வைத்து, பாலை ஊற்றி, கண்ணீர் விட்டு.

கும்பிட எனக்குக் கடவுள் இருக்கிறார். அவரிடம் வேண்டிக்கொள்வேன், கிடைக்காவிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். டெல்லியில் இருப்பவர் கடவுள் இல்லை. வேலைக்கு வந்தவர். பார்லருக்கு ஒரு பெண்ணை எடுக்கும்போது, 'புருவத்துக்கு த்ரெடிங் வருமா, போட்டுக் காட்டு' என்று கேட்டுத்தானே சேர்க்கிறேன்? தேசத்துக்கு ஆள் எடுக்கும்போது மட்டும் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

ஏப்ரல் 9

சந்தானம் அண்ணன் வந்தார். இந்தக் கட்டடம் அவருடையது. பாமா மேடத்தின் தலைவருடைய கட்சிக்கு எங்கள் வார்டில் இவர்தான் எல்லாம். சனிக்கிழமை வேட்பாளர் இந்தத் தெருவழியே வருகிறாராம். என் கடை வாசலில் நான் மாலை போட வேண்டுமாம்.

"கழுத்துல அந்தச் சிலுவைச் செயின் நல்லா தெரியட்டும்மா. எல்லா ஜனமும் நம்ம பக்கம்தான்னு போட்டோ வரணும்."

செயின் வரணும். நான் வரவேண்டியதில்லை!

மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். பிறகு ஒரு யோசனை. மாலை போடுகிறேன், ஆனால் அவரிடம் ஒரு கேள்வி கேட்பேன் என்றேன். அண்ணன் சிரித்தார். கேளேன், அவர் என்ன கடித்தா விடுவார் என்றார்.

ஏப்ரல் 13

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

மேளம், பட்டாசு, திறந்த ஜீப். வேட்பாளர் இறங்கி வந்தார். மாலை போட்டேன். சுற்றிலும் போன்கள். தமிழிலேயே கேட்டேன் — ஓட்டுக் கேட்டு வரும்போது இந்தக் கன்னட ஊரிலும் எல்லாருக்கும் தமிழ் புரியும். "சார், டெல்லிக்குப் போனா எங்களுக்காக என்ன கேப்பீங்க?"

அவர் கை கூப்பிச் சிரித்தார். என்னப் பாக்காதீங்கம்மா, தலைவர் முகத்தப் பாத்துப் பட்டன் அமுக்குங்க, எல்லாம் தானா நடக்கும் என்றார்.

"அவரு விவேக் நகர்ல நிக்கலையே சார். நிக்கிறது நீங்கதானே."

மேளம் அடிக்கிறவர்கூட ஒரு நொடி நிறுத்தினார். வேட்பாளரின் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் சந்தானம் அண்ணனைத் தேடியது. ஜீப் நகர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த பெண்ணுக்குப் புருவத்தைக் கொஞ்சம் மெல்லிசாக எடுத்துவிட்டேன். பாவம். ஆனாலும் — கேட்டுவிட்டேன்.

ஏப்ரல் 14

படுபாவிங்க.

காலைப் பூசை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்குப் போனை நீட்டுகிறார்கள். நான் மாலை போடுகிறேன். சிலுவைச் செயின் பளிச்சென்று தெரிகிறது. அடுத்து என் குரல்: "நிக்கிறது நீங்கதானே." பின்னால் அவர் கட்சியின் வெற்றிப் பாட்டு. கேள்வியும் இல்லை, அவர் சொன்ன பதிலும் இல்லை. நான் அந்த ஆளுக்கு ஆசி சொன்ன மாதிரி இருக்கிறது.

மத்தியானத்துக்குள் இன்னொன்று. அதில் மாலையே இல்லை. "அவரு விவேக் நகர்ல நிக்கலையே" என்பது மட்டும். தலைவரைக் கிழித்த வீரப் பெண் என்று தலைப்பு. யார் செய்தது என்று கேட்கவே வேண்டாம். மாடிக்குப் போனேன்.

"உன்ன ஹீரோயின் ஆக்கிருக்கேன்கா" என்கிறான் விக்கி.

நான் பேசினது ஒரே பேச்சுடா. அத ரெண்டா வெட்டி ஆளுக்கொரு துண்டா எடுத்துக்கினீங்களே, நான் என்ன மீனா? அழிக்கச் சொன்னேன். ஊரெல்லாம் போய்விட்டதாம், இனி முடியாதாம். சாப்பிடாமல் இறங்கி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 16

வழக்கமாக வருகிறவர்களில் பாதிப் பேர் வரவில்லை. ஒரு வீடியோ பார்த்தவர்களுக்கு நான் விலைபோனவள். மற்றது பார்த்தவர்களுக்கு நான் தேசத் துரோகி.

சலூனிலும் டீக்கடையிலும் 'இங்கே அரசியல் பேசாதீர்கள்' என்று எழுதி வைத்திருப்பார்கள். நான் ஓர் அட்டை எடுத்து, தமிழிலும் கன்னடத்திலும், 'இங்கே அரசியல் பேசலாம்' என்று எழுதி வாசலில் மாட்டினேன். வருகிறவர்களுக்கு முழுதாக நானே சொல்லிக்கொள்கிறேன். என் வாய் என்னிடம்தானே இருக்கிறது.

ஏப்ரல் 19

பாமா மேடம் வந்தார். அட்டையைப் படித்துவிட்டு, உனக்குக் கொழுப்பு என்றார். உட்கார்ந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்ல வைத்தார். நான் அவருடைய தலைவரை இழுத்தது தப்பு என்றார். கேள்வி தப்பு என்று சொல்லவில்லை. அரை நாள் சண்டை போட்டோம். இடையில் இரண்டு காலேஜ் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கடை திறந்ததிலிருந்து இப்படி ஒரு நாள் இருந்ததில்லை.

ஏப்ரல் 22

சந்தானம் அண்ணன். அட்டையை எடு, அந்த வேட்பாளருக்குத்தான் என் ஆதரவு என்று ஒரு வீடியோ பேசிக் கொடு, பழையபடி இருக்கலாம். இல்லாவிட்டால் தேர்தல் முடிந்ததும் கடையைக் காலி செய்.

"யோசிச்சு சொல்லும்மா" என்றார்.

"யோசிச்சிட்டேன்ணா. காலி பண்றேன்."

அவர் எதிர்பார்க்கவில்லை. எனக்காக வருத்தப்பட்டார்கூட. நல்ல மனுஷர்தான். அதுதான் கஷ்டமாக இருக்கிறது. அவர் போனபிறகு ஷட்டரை இறக்கிவிட்டு அழுதேன். முகம் கழுவிக்கொண்டு திறந்தேன்.

ஏப்ரல் 26

ஓட்டுப் போட்டேன். யாருக்கு என்று விக்கி கேட்டான், சந்தானம் அண்ணனும் ஆள் விட்டுக் கேட்டார். இந்த நோட்டுக்கே நான் சொல்லப்போவதில்லை.

மே 19

நீலசந்திராவில் இடம் கிடைத்தது. சின்னக் கடை, இரண்டு நாற்காலிதான் பிடிக்கும். சாமான் தூக்க விக்கி வந்தான். ஆட்டோவில் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு, நான் அந்த வீடியோவ முழுசாப் போட்டிருக்கணும்கா என்றான். ஆமாம்டா என்றேன். அதோடு விட்டுவிட்டேன்.

ஜூன் 4

முடிவு வந்துவிட்டது. ஜெயித்தவர்கள் பட்டாசு வெடிக்கிறார்கள், தோற்றவர்கள் ஓட்டு இயந்திரத்தைத் திட்டுகிறார்கள். எனக்கு ஒன்றுதான் தோன்றியது. வேலைக்கு ஆள் எடுத்தாயிற்று. இனிமேல்தான் மேற்பார்வை.

ஜூன் 16

ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். பாமா மேடம் ஆட்டோ பிடித்து நீலசந்திராவுக்கே வந்துவிட்டார். தெருமுனையில் சாக்கடை வழிகிறது, ஆட்டோக்காரர் உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டார், மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தேன் என்று திட்டிக்கொண்டே உட்கார்ந்தார்.

தலை முழுக்க டை தடவியிருந்தேன். அப்போது மேளச் சத்தம். ஜெயித்தவர், நான் மாலை போட்ட அதே ஆள், நன்றி சொல்ல ஜீப்பில் வருகிறார் என்றார்கள். வேகமாகத்தான் வந்தார்கள், நிற்கிற எண்ணமே இல்லை. நான் பிரஷ்ஷோடு உள்ளேயே நின்றேன். இப்போதுதான் கடை ஒரு நிலைக்கு வந்திருக்கிறது. இன்று வேண்டாமே என்று மனது சொல்லிக்கொண்டிருந்தது.

நாற்காலி காலியாக இருந்தது.

பாமா மேடம் கழுத்தில் துண்டும் தலையில் டையுமாக நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தார். ஜீப் நின்றுவிட்டது. மேளமும் நின்றது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக அவருக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

"ஒரு நிமிஷம் சார்" என்றது அவர் குரல். "டெல்லிக்குப் போய் முதல்ல எதப் பத்திப் பேசப் போறீங்க? சொல்லிட்டுப் போங்க."

"மேடம், டை காயுது" என்று வாசலிலிருந்து கத்தினேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.