பன்னிரண்டாம் தேதிக் கத்தரிக்காய்

மார்ச் 3, திங்கள்

இன்றும் கீழேதான். நாலாம் நம்பர் கிரேனில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தவன், இப்போது துறைமுக வாசலில் ஒரு தகர அறையில் உட்கார்ந்து, லாரியில் வரும் பெட்டிகளின் எண்ணைப் பார்த்து டிக் போடுகிறேன். ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை மூன்றும் கூட்டுச் சேர்ந்து என்னைக் கீழே இறக்கிவிட்டன. மே கடைசியில் மறுபரிசோதனை. தேறினால் மேலே. தேறாவிட்டால் ஓய்வு பெறும்வரை இந்தத் தகர அறைதான் என்று கம்பெனி டாக்டர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

என் இருக்கையில் இப்போது ‘ஒல்லி’ என்று நாங்கள் கூப்பிடும் பையன். பெட்டியை லாரியில் இறக்கும்போதெல்லாம் ‘டமார்’. நான் இறக்கினால் லாரிக்காரன், “இன்னும் இறக்கலையா?” என்று கேட்பான். அவ்வளவு சத்தமில்லாமல் உட்காரும். ஒவ்வொரு டமாருக்கும் எனக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது. இதைச் சொன்னால் டாக்டர் எழுதிக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

உணவு ஆலோசகர் என்று ஒரு பெண்ணிடம் அனுப்பினார்கள். என் மகள் வயதுதான் இருக்கும். கறி, கோழி, மீன், முட்டை, வெண்ணெய் எல்லாவற்றையும் மூட்டை கட்டச் சொன்னாள். மண்ணில் முளைப்பது மட்டும்தான் இனி. ஒரு நோட்டும் கொடுத்தாள். தின்பதையெல்லாம் தேதி போட்டு எழுதிக் காட்ட வேண்டுமாம்.

அது அவளுக்கான நோட்டு. இது என்னுடையது. இதில் உண்மை எழுதலாம்: மதியம் எதிர்க் கடையில் கோழி வறுவல், ஐந்து துண்டு.

மார்ச் 5

அந்த நோட்டில்: ‘காய்கறி, சோறு.’ வயிற்றில்: கோழி.

மார்ச் 7

வீட்டுக்காரி போன் செய்தாள். மகளுக்குப் பிள்ளை பிறந்து பத்து நாள். உதவிக்குப் போனவள், மே கடைசிவரை அங்கேதான். “ஏங்க, டாக்டர் சொன்னபடி சாப்பிடறீங்களா?” என்றாள். அந்த நோட்டைப் பிரித்து வாசித்துக் காட்டினேன். “அடேங்கப்பா!” என்றாள். வாசித்ததில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. எழுதியதை அப்படியேதான் வாசித்தேன்.

மார்ச் 10, திங்கள்

நோட்டு முழுக்க அந்த ஆலோசகப் பெண்ணின் பச்சைப் பேனாவில் கேள்விக்குறி. “காய்கறின்னா என்ன காய்கறிங்க ஐயா? எப்படிச் சமைச்சீங்க? சாப்பிட்டப்புறம் எப்படி இருந்துச்சு? எல்லாத்தையும் எழுதுங்க.”

எங்கே எழுதுவது? வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு தவிர வேறெதையும் தட்டில் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். முப்பது வருடமாக வாங்குவதும் அவள்தான், சமைப்பதும் அவள்தான். பொய் சொல்வதற்குக்கூடக் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

மார்ச் 11

மார்க்கெட்டுக்குப் போனேன். காய்கறிக்கார அம்மாவிடம், சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்று ஆரம்பித்தேன். “வாங்காதவங்களுக்கு நான் வகுப்பு எடுக்கறதில்ல” என்றாள். அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கிய பிறகுதான் வாய் திறந்தது. குட்டிக் காயாகப் பார்த்து, காம்பை வெட்டாமல் நாலாகக் கீறி, வறுத்த வேர்க்கடலை, பூண்டு, மிளகாய் பொடித்து உள்ளே அடைக்க வேண்டுமாம். “மூடி போட்டு சின்னத் தீயில விடுங்க. திறந்து திறந்து பாக்காதீங்க, அது என்ன எந்திரிச்சு ஓடியா போயிடும்?”

மார்ச் 12, புதன்

அந்த நோட்டில் ஒரு பக்கம் முழுக்கக் கத்தரிக்காய். காம்பு, கீறல், வேர்க்கடலை வாசனை, கடைசியில் தட்டை வழித்துத் தின்றது வரை. எழுதி முடித்துப் படித்தால் எனக்கே நாக்கில் எச்சில் ஊறுகிறது. எழுந்து போய் ஆறு துண்டு கோழி தின்றுவிட்டு வந்தேன்.

மார்ச் 17

கத்தரிக்காய்ப் பக்கத்துக்குப் பெரிய பச்சை டிக். ‘மிக நன்று. இதுபோலவே தொடரவும்.’ எடை மட்டும் ஒரு கிலோ கூடியிருக்கிறது. “உடம்பு பழகறதுக்கு நாளாகும், மனசு விட்டுடாதீங்க ஐயா” என்று அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

மார்ச் 20

ஒவ்வொரு பொய்க்கும் ஒரு பை காய் வாங்க வேண்டியிருக்கிறது. பூசணி, பீன்ஸ், பட்டாணி, கீரை என்று ஃபிரிட்ஜ் கதவு சாத்த மறுக்கிறது. கத்தரிக்காய் சுருங்கிப்போய்க் குப்பைக்குப் போனது. கீரை கறுத்துத் தண்ணீர் விட்டுவிட்டது.

காய்கறிக்கார அம்மா, “அந்தக் கத்தரிக்காய் செஞ்சீங்களா?” என்றாள். “பிரமாதம்” என்றேன்.

மார்ச் 25, செவ்வாய்

கிரேன் அறையில் விட்டுவந்த என் முதுகுத் தலையணையை எடுக்கப் போனேன். யாரிடமாவது சொல்லியிருந்தால் கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள். வீம்பு. லிஃப்ட் பழுது, படிதான். பத்தொன்பது வருடம் ஏறிய படி.

மூன்றாவது திருப்பத்தில் நின்றுவிட்டேன். கண் இருட்டியது, கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மேலேயிருந்து ஒல்லி தடதடவென்று இறங்கி வந்தான். “அண்ணே, பேசாதீங்க, மெதுவா மூச்சு விடுங்க” என்று என் முதுகைத் தடவினான். அவன் என்னைக் கிண்டல் செய்திருக்கலாம். செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையணையையும் அவனே எடுத்துவந்து கையில் கொடுத்தான். வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

பயமா இருக்குது. மேலே போகவே முடியாமப் போயிடுமோ? யாரை ஏமாத்திக்கிட்டு இருக்கேன் நான்?

மார்ச் 26

ஃபிரிட்ஜில் உயிரோடு இருந்தது பட்டாணி மட்டும்தான். உட்கார்ந்து உரித்தேன். உரிக்க உரிக்க, பாதியை அப்படியே வாயில் போட்டுக்கொண்டேன். பச்சையாகவே இனிக்கும் என்று இத்தனை வருடத்தில் ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லை! மீதியை வேகவைத்து, வெங்காயம் வதக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து தின்றேன்.

இப்போது ஒரு சிக்கல். போன வெள்ளிக்கிழமையே பட்டாணி தின்றதாக எழுதி, டிக் வேறு வாங்கியாயிற்று. ‘மறுபடியும் பட்டாணி’ என்று எழுதினேன்.

ஏப்ரல் 2

பூசணியும் பருப்பும். அடிபிடித்தது. தின்றேன்.

ஏப்ரல் 4

கோழி, மூன்று துண்டு. கடைக்காரர், “என்ன சார், ஊர்ல இல்லையா?” என்று பாசமாகக் கேட்டுவிட்டார். இது இந்த நோட்டோடு போகட்டும்.

ஏப்ரல் 14

பூசணியும் பருப்பும். அடிபிடிக்கவில்லை! போனில் சொன்னால், “அதான் போன மாசமே சூப்பரா செஞ்சேன்னு வாசிச்சீங்களே” என்கிறாள் வீட்டுக்காரி.

ஏப்ரல் 21

காலைக் கடன் பத்து நாளாகச் சண்டை சச்சரவு இல்லாமல், நேரத்துக்கு. இந்த சந்தோஷத்தை யாரிடம் போய்ச் சொல்வது? ஷூ நாடாவை மூச்சைப் பிடிக்காமல் குனிந்து கட்டுகிறேன். பெல்ட்டில் ஆணி வைத்துப் புதுசாக ஒரு ஓட்டை போட்டேன். மதியம் தக்காளியை வெட்டி, உப்பும் மிளகும் தூவி, தகர அறை வாசலில் நின்று தின்றேன். சாறு முழங்கைவரை ஓடியது. டமார் சத்தம் இன்று அவ்வளவாகக் காதில் விழவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

கோழிக்கடைச் சறுக்கல் ஒன்றைத் தவிர, ஏப்ரல் முழுக்க அந்த நோட்டில் எழுதியது வரிக்கு வரி உண்மை. ஆலோசகரிடம் பெருமையாக நீட்டினேன். அவள் படிக்கப் படிக்க முகம் மாறியது.

“ஐயா, மார்ச்ல எழுதினதெல்லாம் நம்பற மாதிரி இருந்துச்சு. இப்ப என்னென்னமோ எழுதியிருக்கீங்க. தக்காளி தின்னேன், மனசு லேசா ஆயிடுச்சுன்னு... எனக்காக எழுத வேணாம். உண்மையை எழுதுங்க.”

எடை பார்த்தாள். நாலு கிலோ குறைந்திருந்தது. “பட்டினி கிடக்கறீங்களா?” என்று அதட்டினாள்.

ஏப்ரல் உண்மை என்று நிரூபிக்க வேண்டுமானால் மார்ச் பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நோட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தக்காளிப் பக்கத்தில் ஒரு பச்சைக் கேள்விக்குறி. என் வாழ்நாளில் இவ்வளவு யோக்கியமாக நான் எதையும் எழுதியதில்லை.

மே 9

காய்கறிக்கார அம்மா எனக்கென்று பிஞ்சு வெண்டைக்காய் எடுத்து வைக்கிறாள். கத்தரிக்காய்ப் பக்கம் மட்டும் நான் போவதில்லை. அந்தப் பக்கத்தை நினைத்தாலே முகம் சுடுகிறது.

மே 26, திங்கள்

பரிசோதனை. உட்காரச் சொல்லி ஒரு தடவை, படுக்கச் சொல்லி ஒரு தடவை அழுத்தம் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, மிஷின் சரியாக இருக்கிறதா என்று நர்ஸிடம் கேட்டார்.

தேறிவிட்டேன்.

மே 28, புதன்

லிஃப்ட் சரியாகிவிட்டது. படியில்தான் ஏறினேன். ஐந்தாவது திருப்பத்தில் ஒரே ஒரு தடவை நின்றேன், அதுவும் கடலைப் பார்க்க. ஒல்லி இருக்கையைத் துடைத்து வைத்திருந்தான். முதல் பெட்டியை இறக்கினேன். கீழே லாரிக்காரன் வயர்லெஸ் வாங்கிக் கேட்டான்: “இன்னும் இறக்கலையா?”

“திரும்பிப் பாருப்பா” என்றேன்.

மே 31, சனி

வீட்டுக்காரி வந்துவிட்டாள். வாசலிலேயே என்னைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தாள். பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, மேஜைமேல் இருந்த அந்த நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். மார்ச் 12-இல் விரல் நின்றது.

“கத்தரிக்காய்னாலே மூஞ்சியைத் திருப்பிக்கிற மனுஷன்... இவ்ளோ ஆசையா எழுதியிருக்கீங்க. நாளைக்கு இதைச் செஞ்சு குடுங்க.”

எண்பது நாள் எழுதியிருக்கிறேன். இவள் விரல் அதிலா வந்து நிற்க வேண்டும்?

ஜூன் 1, ஞாயிறு

விடிந்ததும் மார்க்கெட். “அதான் பிரமாதமா செஞ்சீங்களே, மறுபடி எதுக்குக் கேக்கறீங்க?” என்றாள் அந்த அம்மா. முழுசாகச் சொல்லிவிட்டேன், அவளிடம் மட்டும். அவள் சிரித்துவிட்டு, புழு இல்லாத காயாக ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிக் கொடுத்தாள்.

நாலாகக் கீறினேன். இரண்டு பிளந்துவிட்டன, என் தட்டுக்கு ஒதுக்கினேன். அடைத்தேன். மூடி போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், திறக்கவில்லை.

வீட்டுக்காரி நாலு காய் தின்றாள். தட்டை வழித்துத் தின்றாள். பிறகு விரலை நக்கிக்கொண்டே கேட்டாள்: “அன்னிக்குச் செஞ்சதும் இப்படித்தான் இருந்துச்சா?”

அன்றைக்கு ஆறு துண்டு கோழி.

“இல்ல,” என்றேன். “அன்னிக்கு விட இன்னிக்குத்தான் நல்லா வந்திருக்கு.”