முதல் ஓலைக்குப் பிறகு

1979 ஏப்ரல் 18, புதன்

பரீட்சைத் தாள் திருத்த உட்கார்ந்தால் வேர்வை தாளில் சொட்டுகிறது. கோச்சடையில் ஒரு இலைகூட அசையவில்லை.

கன்னத்தில் வந்த வெள்ளைத் திட்டு கழுத்துக்கும் இறங்கிவிட்டது. தேய்த்தால் மாவுபோல் உதிர்கிறது. மெடிக்கல் ஷாப்காரர் ஒரு ட்யூப் கொடுத்தார். "வெயிலுக்கு வந்தது டீச்சர், ரெண்டு வேளை தேய்ங்க, ஓடிரும்." முதலில் அடங்கினாற்போல் இருந்தது. பிறகு இரண்டு மடங்காகப் பரவிவிட்டது. இன்று போய்க் கேட்டால், "இன்னொரு ட்யூப் போடுங்க" என்கிறார். இவர் எங்கே படித்தார்?

ஏப்ரல் 22, ஞாயிறு

பூசையில் எங்கள் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள்; இப்படி மூன்று ஞாயிறு அறிவித்த பிறகுதான் கல்யாணம். "ஆசீர்வாதம் மகள் அற்புதமேரி" என்று பங்குச் சாமியார் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எல்லாம் கோயில் வாசல் வரைக்கும்தான்.

மாப்பிள்ளை தனிஸ்லாஸின் அம்மா என் நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்தில் திருப்பினார். அத்தனை பேர் முன்னால்.

"என்னம்மா இது? பொண்ணு பாக்க வந்தப்ப இல்லியே. வெண்குஷ்டமா?"

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அப்படி. நான் பேசாமல் நின்றேன். ஏன் நின்றேன்?

ஏப்ரல் 24, செவ்வாய்

டாக்டரிடம் காட்டாமல் இரண்டாம் ஓலை வாசிக்கக் கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் ஆனையூரிலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அம்மா அழுகிறாள். கருவாடு தின்றதால் வந்தது என்கிறாள். பக்கத்து வீட்டு மலையம்மாள் அக்கா, வயிற்றுப் பூச்சி என்கிறார். ஆளுக்கொரு காரணம், எல்லாவற்றிலும் குற்றவாளி நான்.

ஏப்ரல் 26, வியாழன்

பெரியாஸ்பத்திரி, தோல் பிரிவு. டாக்டர் சொல்வதைக் காதால் கேட்டு வரச் சொல்லி தனிஸ்லாஸையும் அனுப்பியிருந்தார் அவர் அம்மா.

டாக்டரம்மா செதிலைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ஊசியால் தொட்டு, "வலிக்குதா?" என்றார். வலித்தது.

"தேமல்மா. குஷ்டமும் இல்ல, வெண்குஷ்டமும் இல்ல. இந்தப் பூஞ்சை எல்லார் தோல்லயும் இருக்கு. வேர்வையும் எண்ணெயும் கூடுனா பெருகும். யாருகிட்ட இருந்தும் ஒட்டிக்கல, யாருக்கும் ஒட்டாது."

ட்யூபைக் காட்டினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இது அரிப்ப மட்டும் அமுக்கும், பூஞ்சைய வளத்து விட்டுரும். தூக்கிப் போடு." குளிக்கும் முன் தடவிச் சற்று ஊறவைத்துக் கழுவ ஒரு கந்தக மருந்து எழுதிக் கொடுத்தார். "பூஞ்சை சீக்கிரம் செத்துரும். நிறம் திரும்ப மாசக்கணக்குல ஆகும். குணமாகலன்னு நெனச்சு கண்டதையும் பூசாத."

பிறகு தனிஸ்லாஸைப் பார்த்தார். "தம்பி, காலரக் கொஞ்சம் இறக்குங்க."

கழுத்துப் பின்புறம், தோள், முதுகு — திட்டுத் திட்டாக. என்னைவிட அதிகம்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மருந்துதான்" என்று டாக்டரம்மா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்பாடா, தீர்ந்தது என்று நினைத்தேன்.

பஸ் நிறுத்தத்தில் தனிஸ்லாஸ் சொன்னது: "எனக்கு இருக்கறத எங்கம்மாட்ட சொல்லிராத. ஆம்பள முதுக யாரு பாக்கப் போறா? ஒனக்கு மூஞ்சி தெளியட்டும், கல்யாணத்தத் தள்ளி வச்சுக்குவோம்."

அவருக்கு முன்னமே தெரியும்! ரெண்டு வருசமா இருக்காம்! தெரிஞ்சுக்கிட்டே, அவுங்கம்மா என் நாடியப் புடிச்சுத் திருப்புனப்ப பக்கத்துல நின்னு வேடிக்க பாத்திருக்கார். ஒரே பூஞ்சை — எனக்கு வந்தா குஷ்டம், அவருக்கு வந்தா வேர்வையா?

பேனாவை மூடுகிறேன். போதும்.

ஏப்ரல் 28, சனி

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு, "வாம்மா, கோயிலுக்கு நானும் கூட வாரேன்" என்றார்.

"மாப்பிள்ளை வீட்டுல ஓலைய நிறுத்தச் சொன்னாங்களா?" என்று கேட்டார் சாமியார்.

"இல்லங்க சாமி. நான்தான் நிறுத்துறேன்."

ஏப்ரல் 29, ஞாயிறு

ஓலை வாசிக்கவில்லை. வெளியே வந்தபோது எல்லாரும் என் கன்னத்தையே பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஜூன் 14, வியாழன்

பள்ளி திறந்தாயிற்று. செதில் இல்லை, வெள்ளை மட்டும் அப்படியே. அம்மா எங்கிருந்தோ ஒரு பச்சிலை விழுது கொண்டுவந்தாள். அதை வாழை மரத்தடியில் கொட்டிவிட்டு வந்து அவளிடமே சொன்னேன். திட்டினாள்.

செப்டம்பர் 16, ஞாயிறு

மத்தியானம் தனிஸ்லாஸின் அம்மா வந்தார். தனியாக. என் முகத்தைப் பார்த்தார் — வெள்ளை இப்போது உற்றுப் பார்த்தால்தான் தெரியும் — உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

"அவனுக்கும் மூஞ்சில வந்திருச்சும்மா. மேலூர்ப் பக்கம் ஒரு எடம் அமைஞ்சது. பொண்ணு வீட்டுல சீக்குக்காரன்ங்கிறாக. நீ எந்த டாக்டரப் பாத்த?"

வாய் வரைக்கும் வந்தது. அவர் மகன் ரெண்டு வருசமா மறைச்சது, அம்புட்டும் வந்தது. சொல்லவில்லை. எந்த நாளில் வெளிநோயாளி சீட்டு கொடுப்பார்கள், எந்த அறை, மருந்தை எப்படித் தடவ வேண்டும், எல்லாம் சொன்னேன். நிறம் மெதுவாகத்தான் திரும்பும், பதறக் கூடாது என்றேன். "பொண்ணு வீட்டுல பயந்தா, ஒட்டாதுன்னு டாக்டரம்மாவையே சொல்லச் சொல்லுங்க."

எழுந்து என் கையைப் பிடித்தார். "நீ நல்லாருப்பம்மா."

"நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.