ஆற்றில் விழுந்த மூன்று அட்டைகள்

அன்பான குலம், எப்போதும் முதலில் குதிக்கிறவனே,

உன் நினைவாக அச்சிடும் கல்வெட்டில் எனக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களின் கையில் இந்தப் புத்தகம் இருக்கும். உன் நற்குணங்களை எழுதச் சொன்னார் உன் அண்ணை. நான் ஒரு விளையாட்டைப் பற்றி எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்ததுதான். வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். திருநெல்வேலியில் படித்தபோது நாங்கள் இருவரும் ஒரே அறை. லண்டனிலிருந்து என் மாமா அனுப்பிய பெட்டியில் ஒரு போர் விளையாட்டு இருந்தது. ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஆறு. அதில் ஒரு பாலம். பாலத்தைச் சுற்றிப் பதுங்குகுழிகள், இயந்திரத் துப்பாக்கிகள். பரசூட்டில் குதிக்கிற படை அதைப் பிடிக்க வேண்டும். படை என்பது விரல்நகம் அளவு அட்டைகள். ஓர் அட்டையைக் கட்டத்தில் வைத்துப் பகடையை உருட்டினால், காற்று அதை எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியும்.

நான் எப்போதும் பாலத்தைக் காத்தேன். நீ எப்போதும் குதித்தாய். விதிப்புத்தகம் ஆங்கிலத்தில். என்னிடம் மானிப்பாயில் படித்த ஆங்கிலம் இருந்தது.

"நீ வாசி, நான் குதிக்கிறன்" என்றாய்.

முதல் நாள் நினைவிருக்கிறதா?

"இந்தச் சண்டை எந்த மாதமாம்?"

"செப்டெம்பர்."

"அப்ப சோளகம்."

"டேய், உது ஐரோப்பா."

"ஐரோப்பாவிலை காத்து இல்லையோ? தென்மேற்கிலை இறக்கினா சோளகம் கொண்டுபோய்ப் பாலத்திலை விடும். மயிலிட்டிக் கடற்கரையிலை பிறந்தவனுக்கு நீ காத்துப் படிப்பிக்காதை."

அட்டைகளையெல்லாம் வரைபடத்தின் தென்மேற்கு மூலையில் அடுக்கினாய். பகடைக்குச் சோளகம் தெரியவில்லை. பாதி காட்டில் விழுந்தது. மூன்று ஆற்றில்.

"உது காத்தில்லை மச்சான், லொத்தர்ச் சீட்டு" என்று சிரித்தாய். பிறகு கேட்டாய். "தண்ணிக்கை விழுந்தா முடிஞ்சுதோ?"

"ஓம், முடிஞ்சுது."

"எங்கடை ஊரிலை அப்பிடிச் சொல்லமாட்டினம். கொஞ்ச நாள் பாத்துத்தான் சொல்லுவினம். புத்தகத்திலை வேறை ஒண்டும் எழுதேல்லையோ?"

"இல்லை" என்றேன். மூன்று அட்டைகளையும் எடுத்துப் பெட்டியின் மூடியில் போட்டேன்.

நான் வாசித்தது பக்கத்தின் அடிவரை. தாளைத் திருப்பவில்லை.

சில வாரங்களுக்குப் பிறகு, நீ குளிக்கப் போயிருந்த நேரம், வேறெதையோ தேடித் திருப்பினேன். மறுபக்கத்தில் விதி தொடர்ந்தது. ஆற்றில் விழும் அணியை உடனே அகற்றக் கூடாது. அடுத்த முறை வரும்வரை அது நீரிலேயே இருக்க வேண்டும். அப்போது பகடையில் ஆறு என்ற எண் விழுந்தால் கரையேறும்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாய். நான் சொல்லவில்லை. அதன்பிறகு வந்த சனிக்கிழமை ஆட்டங்களிலும் சொல்லவில்லை. ஏன்? வென்று பழகியிருந்தேன். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றைத் தேடிப் பார்த்தேன், குலம். கிடைக்கவில்லை.

கடைசி ஆட்டம் பாதியில் நின்றது. அன்றும் மூன்று ஆற்றில். நான் எடுத்துவிட்டேன். விடுமுறைக்கு வீட்டுக்குப் போகிற அவசரம் உனக்கு. "பலகையைத் தொடாதை. வந்து மிச்சத்தைக் குதிக்கிறன்" என்றாய். அப்படியே கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தேன்.

மார்கழி. அண்ணையோடு வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனாய். வாடைக்காற்று பெருத்து வள்ளம் கவிழ்ந்தது. அண்ணை எண்ணெய்க் கலனைப் பிடித்தபடி கரைசேர்ந்தார். நீ வரவில்லை. உன் உடலும் வரவில்லை.

தருப்பையில் உருச் செய்து கிரியை நடந்தது. உன் அம்மா வெளியே வரவில்லை. ஒவ்வொரு மத்தியானமும் உனக்குச் சோறு போட்டு மூடி வைத்தார். கல்வெட்டு வேலை தொடங்கியபோது ஒன்றை மட்டும் தடுத்தார். திதி வெண்பாவை எழுத விடவில்லை. நீ இறந்த நாளைச் சொல்லும் அந்த நான்கு வரிகளுக்கான இடத்தை அச்சகத்தில் வெறுமையாக விட்டிருந்தார்கள்.

"நீர் ஒருக்கா வந்து கதையும் தம்பி. படிச்ச ஆள் சொன்னாக் கேப்பா" என்றார் அண்ணை.

போனேன். அம்மா குசினி வாசலில் இருந்தார். மூடிய சோற்றுக் கோப்பை பக்கத்தில்.

"தம்பி, கோடிக்கரையிலை ஒதுங்கியிருப்பானோ? முந்தியும் ஆக்கள் அங்கை போய்ச் சேர்ந்து திரும்பி வந்திருக்கினம்."

வடக்கிலிருந்து வீசும் வாடைக்கு எதுவும் வடக்கே கோடிக்கரைக்குப் போகாது. இதை எனக்குச் சொல்லித் தந்தவன் நீ. அந்தக் கரையில் பிறந்து வளர்ந்த அவருக்குத் தெரியாததா?

"அண்டைக்கு வாடையெல்லோ அம்மா" என்றேன்.

"அது எனக்குத் தெரியும் மோனை. நீ கனக்கப் படிச்சனி. புத்தகங்களிலை வேறை ஒண்டும் எழுதேல்லையோ?"

உன் கேள்வி. அதே சொற்கள்.

இந்த முறை திருப்புவதற்குத் தாள் இருக்கவில்லை.

"இல்லை அம்மா."

அவர் அழவில்லை. கோப்பையைத் திறந்து பார்த்தார். எழுந்து போய்ச் சோற்றைக் காகத்துக்கு வைத்தார். பிறகு அண்ணையைப் பார்த்துச் சொன்னார். "திதியைப் போடு."

வாசிக்கிறவர்களே, இப்போது நீங்கள் வாசிக்கும் இந்தப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் நான்கு வரிகள் இருக்கின்றன. அவை வந்த வழி இதுதான்.

அறைக்குத் திரும்பிப் பலகையை வெளியே இழுத்தேன். மூடியில் கிடந்த மூன்று அட்டைகளையும் நீலக் கட்டங்களில் மறுபடி வைத்தேன். பகடையைக் கையில் எடுத்தேன். உருட்டவில்லை. ஆறு விழுந்தால் நான் என்ன செய்வேன்?

குலம், முதல் முறை நான் சொன்னது பொய். இரண்டாம் முறை சொன்னது உண்மை. இரண்டு முறையும் நீ தண்ணீரிலேயே இருந்தாய்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. மன்னிக்க யார் இருக்கிறார்கள்? அண்ணை இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவார். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படலையைத் திறக்க எனக்கு முகம் இருக்குமோ தெரியாது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த மூன்றையும் கோந்து தடவி ஆற்றிலேயே ஒட்டிவிட்டேன். அந்த வரைபடத்தில் இனி யாரும் விளையாட முடியாது. யாரும் அவற்றை எடுக்கவும் முடியாது. எந்த அறைக்கு மாறினாலும் பலகை என்னோடு வரும். உன் முறை உன் முறையாகவே இருக்கும். நான் காத்திருப்பேன், நீ வரமாட்டாய் என்று தெரிந்துகொண்டே.

உன் அம்மாவிடம் "இல்லை" என்று சொன்னவன்,
உன் மச்சான்.