முதுகில் இருக்கும் உங்கள் பெயர்

இஞ்சாருங்கோ,

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து உங்களை நான் இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதத்துக்காக 'என் அன்பானவரே' என்று எழுதிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதனால் இஞ்சாருங்கோ, கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கோ. நான் நல்ல கோபத்தில் இருக்கிறேன்.

யாரில் கோபம் என்று கேட்பீர்கள். முதலில் உங்களில்தான். எங்கள் பிள்ளை நிரோஷின் உதைபந்து விசயம் முழுவதையும் நீங்கள் பார்த்தீர்கள். பயிற்சிக்கு ஏற்றி இறக்கியது நீங்கள், கழகக்காரருடன் கதைத்தது நீங்கள், தோற்ற நாளில் அவனுக்குப் பக்கத்தில் பேசாமல் இருந்ததும் நீங்கள். நான் சோறு கட்டிக் கொடுத்ததோடு சரி. இப்போது எல்லாவற்றையும் என் தலையில் போட்டுவிட்டு நீங்கள் படத்துக்குள் இருந்து சிரிக்கிறீர்கள்.

நான் இப்போது மொன்றியலில் இருக்கிறேன். நீங்கள் போன அடுத்த கோடையில் நிரோஷை இங்கத்தைய கழகம் எடுத்துவிட்டது. இந்த வருசம்தான் "தனிய என்ன செய்யப்போறியள், ஆறு மாதம் வந்து நில்லுங்கோ" என்று கூட்டிவந்தான். அவனுடைய வீடு உயரத்தில், ஜன்னல் திறக்க முடியாத ஒரு கண்ணாடிப் பெட்டி. மீன் பொரித்தால் மூன்று நாளைக்கு மணக்கும். ஒரு கிழமை பொறுத்தேன். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு இதே நகரத்தில் வில்லரேப் பக்கம் இருக்கும் என் தங்கச்சி பவானி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிள்ளை எப்படி ஆடுகிறான் என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? ஆடினால்தானே சொல்ல. நடுக்களத்தில் ஆடவென்று கடல் தாண்டிக் கூட்டி வந்தவனை களத்துக்கு வெளியே மாற்று ஆட்களின் வாங்கில் இருத்தி வைத்திருக்கிறார்கள். இவனைக் கேட்டு எடுத்த பயிற்சியாளரைச் சித்திரை மாதமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புதிதாய் வந்தவருக்கு இளம் பிள்ளைகள் வேண்டுமாம், முழு நேரமும் ஓட வேண்டுமாம். இவனுக்கு வயது இருபத்தொன்பது, முழங்காலில் வெட்டுத் தழும்பு. கடைசிப் பத்து நிமிடத்துக்கு எழுப்பி விடுவார்கள். பத்து நிமிடத்தில் என்னத்தைச் செய்வது? வேர்க்கவே நேரம் காணாது.

பவானியின் மனுசன் யோகனைத் தெரியும்தானே. துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றுகிற ட்ரக் ஓட்டுகிறார். நல்ல மனுசன்தான், ஆனால் ஒவ்வொரு கிழமையும் ஒரே கேள்வி.

"மச்சாள், தம்பி இந்த வருசம் எத்தனை கோல்?"

"அவன் கோல் அடிக்கிற இடத்திலை விளையாடேல்லை, யோகன்."

"ஓம், ஓம், அது தெரியும். எண்டாலும் எத்தனை?"

யோகன் மட்டுமில்லை. கோயிலில் கண்டாலும் கேட்கிறார்கள், பிறந்தநாள் வீட்டிலும் கேட்கிறார்கள். எங்கள் சனத்துக்குக் கோல் அடிப்பவன் விளையாட்டுக்காரன், தடுப்பவன் கோலி. இடையில் நிற்பவர்கள் எல்லாம் சும்மா நிற்கிறார்கள் என்று நினைப்பு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நீங்கள்தான் ஒரு நாள் டென்மார்க்கில், எங்கள் யூலண்டில், அந்தக் காற்றடிக்கிற சின்ன மைதானத்து வேலியோரம் நின்று எனக்குக் காட்டித் தந்தீர்கள்.

"இஞ்சாரும், பந்தைப் பாராதையும். அவன்ரை தலையைப் பாரும். பந்து வாறதுக்கு முதல் தோளுக்கு மேலாலை ஒருக்கால் திரும்பிப் பாப்பான். ஆர் எங்கை நிக்கினம் எண்டு அதிலை எடுத்துப்போடுவான். மிச்சமெல்லாம் லேசு."

அன்றைக்குப் பிறகு நான் பந்தையே பார்த்ததில்லை. பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் விடிய வேலை முடித்து, கையில் அந்த வாடை போகாமலே நீங்கள் அவனை ஏற்றிக்கொண்டு ஓடுவீர்கள். அந்த ஊர்க் கழகத்திலிருந்து பெரிய கழகத்தின் இளையோர் பிரிவுக்குப் போனான். பிறகு முதற்பிரிவு. பிறகு டென்மார்க்கின் இளையோர் அணிக்கு அந்தச் சிவப்புச் சட்டையைப் போட்டான். பெரிய அணிக்கும் அழைப்பு வரும், வரும் என்று தொலைபேசியைக் குளியலறைக்கும் கொண்டுபோனீர்கள். அதற்குள் முழங்கால் போனது. ஒரு வருடம் வீட்டில், அடுத்த வருடம் நோர்வேக் கழகம் ஒன்றுக்கு இரவலாகக் கொடுத்தார்கள். அழைப்பு வரவே இல்லை. நீங்களும் அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் நெஞ்சில் கிடக்கிறது.

ஆனால் நான் எழுத வந்தது வேறு விசயம். உங்கள் பெயர் விசயம்.

அவன் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் தாதி பின்பெயர் கேட்டாள். எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயர் என்று உங்களுடைய பெயரைச் சொன்னீர்கள். டென்மார்க்காருக்கு அது குடும்பப் பெயர். எங்களுக்கு அது நீங்கள். அந்த நீளப் பெயர் பின்னாளில் ஒரு ஜேர்சியின் முதுகில், ஒரு தோளில் தொடங்கி மற்றத் தோளில் போய் முடியும் என்று அன்றைக்கு யார் கண்டது?

அவனுடைய முதல் பெரிய ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? ஒலிபெருக்கியில் முதற்பெயரைச் சொல்லி நிறுத்துவார்கள், பின்பெயரைச் சனம் சேர்ந்து கத்தும். அது அங்கத்தைய வழக்கம். "நிரோஷ்" என்று சொன்னதும் மைதானம் முழுக்க உங்கள் பெயரைக் கத்தியது. உடைத்துத்தான் கத்தினார்கள், என்றாலும் கத்தினார்கள். நீங்கள் முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

"பள்ளிக்கூடத்திலை பேர் கூப்பிட்ட மாதிரி எழும்பி 'ஓம் சேர்' எண்டு சொல்லவேணும் போல கிடக்கு" என்றீர்கள்.

எத்தனை நாள் அதைச் சொல்லிச் சிரித்தோம். அத்தனை பேரும் கத்த, பக்கத்தில் இருந்த நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மனுசன் பெயரை மனுசி சொல்வதா? நீங்களும் நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். அல்லது எதிர்பார்த்தீர்களா?

இங்கே நிலைமை வேறு. ஒலிபெருக்கிக்காரர் பிரெஞ்சில் "நிரோஷ்" என்று இழுத்துவிட்டு நிறுத்துவார். பிறகு ஒரு முணுமுணுப்பு. அவ்வளவுதான். மற்றப் பிள்ளைகளின் பெயருக்குக் கூரை அதிரக் கத்துகிற சனம், உங்கள் பெயர் வந்தால் பக்கத்து ஆளின் முகத்தைப் பார்க்கிறது.

இரண்டு கிழமைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பவானி வீட்டுக்குச் சாப்பிட வந்தான். புட்டும் மீன் குழம்பும். சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"அம்மா, அடுத்த சீசனுக்கு ஜேர்சியிலை நிரோஷ் எண்டு மட்டும் போடட்டோ எண்டு கழக ஒஃபிசிலை கேட்டவை. நான் ஓம் எண்டு சொல்லப்போறன்."

"ஏன், இருக்கிற பேருக்கு என்ன குறை?"

"நீளம். எழுத்தைச் சின்னனாக்கினால்தான் முதுகிலை கொள்ளும். அறிவிப்புக்காரருக்கும் சொல்ல வரேல்லை. சனத்துக்கும் வரேல்லை. வாங்கிலை இருக்கிறவனுக்கு இவ்வளவு நீளப் பேர் எதுக்கு?"

கடைசிச் சொல்லில் அவனுடைய குரல் ஒரு மாதிரி இருந்தது. அதைக் கவனித்திருக்க வேண்டும். நான் எங்கே கவனித்தேன், பொரிந்து தள்ளிவிட்டேன். "அது உன்ரை அப்பான்ரை பேர். கழட்டி எறிய அதென்ன பழைய சப்பாத்தே?" என்றேன்.

அவன் கத்தவில்லை. உங்களைப் போலத்தான், கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"அம்மா, நீங்கள் ஒரு நாளாவது அந்தப் பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா இருக்கேக்கையும் இல்லை, செத்த வீட்டிலையும் இல்லை. உங்களுக்கே வாயிலை வராத பேரை இந்த ஊர்ச் சனம் ஏன் சொல்லோணும்?"

பவானி இடையில் வந்தாள். "தம்பி, அது மரியாதைக்கு."

"தெரியும் சித்தி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான். சாப்பாட்டுக் கோப்பையில் பாதிப் புட்டு அப்படியே கிடந்தது.

இஞ்சாருங்கோ, அவன் சொன்னது பிழை என்று சொல்லத்தான் இரண்டு கிழமையாக வழி தேடுகிறேன். கிடைக்கவில்லை, அதுதான் எரிச்சல். டென்மார்க்கில் ஆஸ்பத்திரியில் உங்கள் பெயரைக் கேட்டபோதெல்லாம் நான் உங்களுடைய மஞ்சள் சுகாதார அட்டையை எடுத்து நீட்டினேன். கடைசி நாளிலும் அட்டையைத்தான் நீட்டினேன். தெரிந்தவர்களிடம் 'நிரோஷின் அப்பா' என்றேன். உங்களிடம் 'இஞ்சாருங்கோ' என்றேன். எங்கள் வீட்டில் உங்களுக்குப் பெயரே இருக்கவில்லை. உங்களுக்கு அது ஒரு குறையாக இருந்ததா? ஒரு நாளாவது என் வாயால் கேட்க ஆசைப்பட்டீர்களா? ஆசைப்பட்டிருந்தால் கேட்டிருக்கலாமே. எல்லாவற்றையும் நானே கண்டுபிடிக்க வேண்டும் என்றால் எப்படி?

ஒரு காலை, பவானி வேலைக்குப் போன பிறகு, குசினியில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். முதல் எழுத்தோடு நாக்கு நின்றுவிட்டது. யாருமில்லாத வீட்டில் வெட்கம் வேறு. தண்ணீரைப் பூட்டிவிட்டு வெங்காயம் உரித்தேன்.

போன சனிக்கிழமை ஆட்டத்துக்கு மூன்று பேரும் போனோம். செம்மஞ்சள் தடத்து மெற்றோவில் போய், பச்சைக்கு மாறி, சனத்தோடு சனமாய் நடந்தோம். எங்கள் அணி ஒரு கோல் பின்னால் நின்றது. இரண்டாம் பாதியில் நடுக்களத்து இளம் பிள்ளை காலைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டான். பயிற்சியாளர் வாங்கைத் திரும்பிப் பார்த்து நிரோஷைக் கூப்பிட்டார். பத்து நிமிடமில்லை, நல்ல நேரம் மிச்சம் இருந்தது.

அவன் கோட்டருகில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஒலிபெருக்கி "நிரோஷ்" என்றது, நிறுத்தியது. வழக்கம்போல முணுமுணுப்பு. எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒருவன் அவனுடைய முதுகைப் பார்த்து உங்கள் பெயரை வாசிக்கத் தொடங்கினான். பாதியில் கைவிட்டான். பிறகு சிரித்தான். கூட வந்தவர்களும் சிரித்தார்கள்.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எப்போது எழும்பினேன், எப்போது வாயைத் திறந்தேன், ஒன்றும் தெரியாது. உங்கள் பெயரைக் கத்தினேன். முழுப் பெயரையும், ஒரு எழுத்தும் விடாமல், ஊரில் சந்தைக்கு அந்தப் பக்கம் நிற்பவரைக் கூப்பிடுகிற மாதிரி. பவானி என்னுடைய ஜக்கெட்டைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, என்ன செய்யிறியள்? சனம் பாக்குது."

பார்க்கட்டும் என்று இன்னொரு தரம் கத்தினேன். யோகன் மடியில் இருந்த உருளைக்கிழங்குப் பொரியல் கொட்டுண்டு போனது. அந்த மனுசன் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தானும் எழும்பி நின்று உங்கள் பெயரைக் கத்தினார், 'அண்ணை' என்ற மரியாதை ஒன்றும் இல்லாமல். பின்வரிசைக்காரன் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

நிரோஷ் உள்ளே ஓடினான். இந்தச் சீசன் முழுக்க அவன் அந்தத் தலையைத் திருப்பும் வேலையையே மறந்து போயிருந்தான். பந்து வரும், தடுமாறுவான், பின்னால் தள்ளுவான். யோகனுக்கு இது தெரியாது, பயிற்சியாளருக்குத் தெரிந்ததோ தெரியாது, எனக்குத் தெரியும். அன்றைக்குப் பந்து வருவதற்கு முதல், தோளுக்கு மேலால், நாங்கள் நின்ற பக்கம் ஒருக்கால் திரும்பிப் பார்த்தான். பந்துக்காகப் பார்த்தானோ எனக்காகப் பார்த்தானோ, எனக்கு அது வேண்டாம். பார்த்தான்.

தோற்றுத்தான் போனோம். அதையும் சொல்ல வேண்டும்தானே.

ஆட்டம் முடிந்து அவனே எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தான். பவானியும் யோகனும் பின்சீற்றில் இருந்தார்கள். கொஞ்சத் தூரம் வந்த பிறகு கேட்டான்.

"அம்மா, அது நீங்கள்தானே?"

"எது?"

"கத்தினது."

"சனம் கத்தினது."

"சனத்துக்கு அப்பிடிச் சொல்ல வராதம்மா." என்றான். "இன்னொருக்கால் சொல்லுங்கோ."

"காருக்குள்ளை சொல்லமாட்டன். வீட்டிலையும் சொல்லமாட்டன். எனக்கு அங்கை நிண்டால்தான் சொல்ல வருது. அந்தப் பேரை நீ முதுகிலையிருந்து கழட்டினியெண்டால், நான் எங்கை போய் நிண்டு சொல்லுறது?"

விளக்குப் பச்சைக்கு மாறியும் கார் நகரவில்லை. பின்னால் வந்தவர் ஹோர்ன் அடித்த பிறகுதான் எடுத்தான்.

அலுவலகத்துக்கு என்ன பதில் சொல்வான் என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவனை இறக்குவார்களா என்பதும் தெரியாது. பயிற்சியாளர் அதே ஆள்தான், முழங்காலும் அதே முழங்கால்தான். யோகன் இன்று காலையும் எத்தனை கோல் என்று கேட்டார்.

ஆனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என்னுடைய ஆறு மாதம் முடியும்வரை ஒரு ஆட்டமும் விடமாட்டேன். அவனை இறக்கினாலும் கத்துவேன், வாங்கில் இருத்தினாலும் கத்துவேன். முதுகில் வேறு என்னத்தைப் போட்டாலும், அந்த ஒலிபெருக்கிக்காரர் 'நிரோஷ்' என்று சொல்லி நிறுத்துகிற இடத்தில் நான் கத்துவது உங்கள் பெயராகத்தான் இருக்கும். நீங்கள் எழும்பி 'ஓம் சேர்' என்று சொல்லத் தேவையில்லை. இருந்த இடத்தில் இருந்து கேட்டால் போதும்.

இவ்வளவு காலமும் ஒரு எழுத்தும் புள்ளியுமாக உங்களைச் சுருக்கிக் கையெழுத்து வைத்தவள், இன்றைக்கு முழுதாக வைக்கிறேன்.

உங்கள் மனுசி,
நிரோஷின் அம்மா,
நிர்மலா கனகசபாபதி